தண்ணீர் இல்லாத கழிப்பறையும் பாலைவனத்து டிரெய்லரும்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலும் அலாஸ்காவிலுமாக, அந்நாட்டு அரசின் நில மேலாண்மைப் பணியகத்திடம் ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கர் பொதுநிலம் இருக்கிறது. அதில் பெரும்பகுதியில் யாரும் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, வாடகை கொடுக்காமல் 14 நாள் வரை தங்கலாம். குழாய் கிடையாது, கரண்ட் கிடையாது, சாக்கடை கிடையாது. காருக்குப் பின்னால் 13 அடியோ 17 அடியோ நீளமுள்ள டிரெய்லரை இழுத்துக்கொண்டு அரிசோனாவுக்கும் யூட்டாவுக்கும் போகிறவர்கள் அந்தத் தனிமையைத் தேடித்தான் போகிறார்கள். ஆனால் விதி கொடுக்கும் 14 நாளைச் சின்ன டிரெய்லர் கொடுப்பதில்லை. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ மூட்டை கட்ட வேண்டியிருக்கிறது. சாப்பாடு தீர்ந்ததால் அல்ல. கூரைமேல் ஒரு சூரியத்தகடு இருந்தால் விளக்குக்கும் கைப்பேசிக்கும் குறைவிருக்காது. கழிப்பறைத் தொட்டி நிரம்பிவிடுகிறது, இல்லையென்றால் அதை நிரப்பிய நல்ல தண்ணீர் தீர்ந்துவிடுகிறது.

கணக்கு எளிது. டிரெய்லரில் உள்ள தண்ணீர்க் கழிப்பறை, வீட்டில் உள்ளதைவிடச் சிக்கனமானது. ஒரு தடவைக்கு ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் போதும். இருவர் ஆளுக்கு ஆறு முறை போனால் தண்ணீரும் சிறுநீருமாக நாளொன்றுக்கு 15 லிட்டருக்கு மேல் கீழே இறங்கும். 60 லிட்டர் தொட்டி நான்கு நாளில் முட்டிவிடும். அதே நான்கு நாளில் குடிக்கவும் சமைக்கவும் வைத்திருந்த தண்ணீரில் 50 லிட்டர் போயிருக்கும். ஒரு டன்னுக்கும் குறைவான எடையுள்ள ஸ்காம்ப் போன்ற டிரெய்லரில் பெரிய தொட்டி வைக்க இடமும் இல்லை, இழுக்கும் காருக்குச் சக்தியும் இல்லை. தொட்டியைக் காலிசெய்யும் டம்ப் ஸ்டேஷன் எங்கேயோ நகரத்தில் இருக்கும். அதற்காக முகாமை முழுக்கக் கலைத்து, போய், வரிசையில் நின்று, திரும்பி வந்தால் ஒரு நாள் போய்விட்டது.

இந்தக் கட்டத்தில்தான் மட்கும் கழிப்பறை என்று விற்கப்படும் பெட்டி உள்ளே வருகிறது. தண்ணீர் வேண்டாம், தொட்டி வேண்டாம், நாற்றம் இல்லை, கடைசியில் உரம் கிடைக்கும் என்பது அதன் வாக்குறுதி. முதல் இரண்டும் முழு உண்மை. மூன்றாவது, ஆளின் பழக்கத்தைப் பொறுத்தது. நான்காவது நடப்பதில்லை; குறைந்தபட்சம், ஓடும் டிரெய்லருக்குள் நடப்பதில்லை. அந்த நான்காவது வாக்கை நம்பித்தான் பலர் ஆயிரம் டாலர் கொடுக்கிறார்கள் என்பதால், இந்தப் பெட்டி எதைச் செய்கிறது, எதைச் செய்யாமல் நம் கையில் விட்டுவிடுகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெட்டியின் சூட்சுமம் முழுவதும் ஒரே ஒரு காரியத்தில் இருக்கிறது: சிறுநீரையும் மலத்தையும் சேரவிடாமல் வைப்பது. இருக்கையின் கிண்ணம் முன்பக்கம் சரிந்திருக்கும். அந்தச் சரிவில் உள்ள துளைகள் வழியாகச் சிறுநீர் முன்னால் உள்ள பாட்டிலுக்குப் போகிறது. பின்பக்கம் ஒரு திறப்பு. பக்கவாட்டு நெம்புகோலைத் தள்ளினால் அது விலகி, மலம் கீழே உள்ள பெட்டியில் விழும். பெட்டியில் ஈரப்பதமான தேங்காய் நார்த்துகள் கொட்டிவைத்திருப்பார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியை நாலைந்து சுற்று சுற்றினால், உள்ளே உள்ள கம்பி மலத்தைத் துகளோடு புரட்டிப் பூசிவிடும். கணினிக்குள் இருப்பதைப் போன்ற சின்ன 12 வோல்ட் விசிறி, பெட்டிக்குள் உள்ள காற்றைக் குழாய் வழியாக வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். நாள் முழுக்க ஓடினாலும் அது தின்னும் மின்சாரம் இரண்டு ஆம்பியர்-மணிக்கும் குறைவு.

மலத்தில் முக்கால் பங்கு தண்ணீர். அது தனியாக இருந்தால் காற்று பட்டுக் காயும், காய்ந்தால் நாற்றம் அடங்கும். சிறுநீர் கலந்தால் காற்றில்லாத சேறாகிவிடும். அதில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் வேறு ரகம். அவை வெளிவிடும் கந்தக வாயுக்கள்தான் நாம் அறிந்த கழிவறை நாற்றம். யூரியா உடைந்து வரும் அம்மோனியா அதன்மேல் சேரும்.

இந்த அறிவு புதிதல்ல. இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் ஃபோர்டிங்டன் என்ற ஊரில் பாதிரியாராக இருந்த ஹென்றி மூல், காலரா தன் ஊரைத் தாக்கியதைக் கண்ணெதிரே பார்த்தவர். காய்ந்த மண்ணைத் தூவினால் மலம் சில வாரங்களில் நாற்றமற்ற பொருளாக மாறுவதைக் கவனித்து, நெம்புகோலை இழுத்தால் மண் கொட்டும் கழிப்பறைக்கு 1860இல் காப்புரிமை வாங்கினார். ஸ்வீடனில் ரிக்கார்ட் லிண்ட்ஸ்ட்ரோம் 1939இல் பால்டிக் கரையிலிருந்த தன் வீட்டில் சரிவான அடித்தளம் கொண்ட பெரிய தொட்டியைக் கட்டினார். அதுவே பின்னாளில் கிளிவஸ் மல்ட்ரம் என்ற மட்கும் கழிப்பறை ஆயிற்று. ஏபி ராக்ஃபெல்லர் 1973இல் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். வடவியட்நாமில் 1956 முதல் பரவிய இரட்டை அறைக் கழிப்பறையில் சாம்பல் தூவினார்கள், சிறுநீரைத் தனியே பிரித்தார்கள், ஓர் அறை நிரம்பியதும் மூடிவைத்துவிட்டு மற்றதைத் திறந்தார்கள். டிரெய்லர்காரர்கள் இன்று வாங்கும் நேச்சர்ஸ் ஹெட், ஏர் ஹெட் போன்றவை பாய்மரப் படகுகளுக்காக உருவானவை. ஏரியிலும் கடலோரத்திலும் கழிவை விடக்கூடாது என்ற விதிக்குள் வாழ வேண்டியிருந்த படகுக்காரர்களின் தேவை அது. படகிலிருந்து டிரெய்லருக்கு வர ஒரே தாவல்தான். இரண்டிலும் இடம் குறைவு, தண்ணீர் குறைவு.

இந்த முன்னோடிகளைக் கவனித்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். லிண்ட்ஸ்ட்ரோமின் தொட்டி அசையாதது, பெரியது, ஆண்டுக்கணக்கில் நிரம்புவது. வியட்நாமில் அறைகள் இரண்டு. காலம்தான் அங்கெல்லாம் வேலை செய்தது. டிரெய்லர்ப் பெட்டியோ 20 லிட்டர் சொச்சம், ஒன்றே ஒன்று, 60 முதல் 80 தடவை பயன்படுத்தியதும் காலிசெய்ய வேண்டும் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். இருவருக்கு அது ஒரு மாதம் வரும். அந்த ஒரு மாதம்தான் இங்கே கிடைக்கும் காலம்.

காலிசெய்யும் காலையில் உள்ளே பார்த்தால் இது கண்கூடாகப் புரியும். கொக்கிகளைத் தளர்த்தி மேல்பாகத்தைத் தூக்கி எடுத்துவிட்டு, முதலில் பாட்டிலை மூடி போட்டு ஓரமாக வைக்க வேண்டும். பிறகு பெரிய குப்பைப் பை ஒன்றை அடிப்பெட்டியின் வாயில் கவிழ்த்து, இரண்டு பக்கமும் இறுகப் பிடித்துக்கொண்டு, பெட்டியையே தலைகீழாகத் திருப்பிக் கையால் தட்ட வேண்டும். பொதபொதவென்று விழுவது கரும்பழுப்பில், உதிரியாக, மழை பெய்த காட்டு மண்ணின் வாடையோடு இருக்கும். மூக்கைப் பொத்தத் தேவையில்லை. முதன்முறை செய்கிறவர்கள் இதற்கு அசந்துபோவார்கள், உரம் ஆகிவிட்டது என்றும் நினைத்துக்கொள்வார்கள். பையைக் கொஞ்சம் குலுக்கினால் தெரியும்: நேற்றைய காகிதம் காகிதமாகவே இருக்கிறது, நேற்றையது நேற்றையதாகவே இருக்கிறது. கைப்பிடியைச் சுற்றும்போதெல்லாம் அந்தப் புதியது ஒரு மாதப் பழையதோடு கலந்துகொண்டே வந்திருக்கிறது. நான்கு வாரமாகக் காய்ந்ததும் நேற்று விழுந்ததும் ஒரே கலவையில் இருக்கின்றன. கிருமிக் கணக்கில் இந்தக் கலவையின் வயது ஒரு நாள்தான்.

மட்குதல் என்பதற்கு வெப்பம் வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் விதி, கழிவுச் சேற்றை மூடிய கலத்தில் உரமாக்கும்போது 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் மூன்று நாள் இருக்க வேண்டும் என்கிறது. திறந்த வரிசைக் குவியல் என்றால் 15 நாள், இடையில் ஐந்து முறை புரட்டல். அந்தச் சூட்டை நுண்ணுயிர்கள்தான் உண்டாக்குகின்றன, ஆனால் அதைத் தக்கவைக்கக் குவியலுக்குப் பருமன் வேண்டும். ஏறத்தாழ ஒரு கன மீட்டர். கார்பனும் நைட்ரஜனும் முப்பதுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டி இருக்க வேண்டும். ஈரம் பாதிக்குப் பாதி இருக்க வேண்டும். 20 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டியில், விசிறி ஓயாமல் காற்றை இழுத்து ஈரத்தையும் சூட்டையும் வெளியேற்றிக்கொண்டிருக்க, இதில் எதுவும் நடக்காது. நாற்றத்தைப் போக்கும் விசிறியே மட்குதலுக்குத் தடை. குளிர்காலத்து இரவில் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இருக்கிற நுண்ணுயிர் வேலையும் தூங்கிவிடும்.

ஜோசப் ஜென்கின்ஸ் 1994இல் எழுதிய ‘தி ஹியூமன்யூர் ஹேண்ட்புக்’ இந்தத் துறையில் பலரும் கையில் வைத்திருக்கும் நூல். அவருடைய முறையில் கழிப்பறை என்பது மரத்தூள் தூவிய வாளி மட்டும். உரமாவது வெளியே, பெரிய குவியலில், வைக்கோல் போர்வைக்குக் கீழே, ஆண்டுக்கணக்கில். சேகரிப்பது ஒரு வேலை, உரமாக்குவது வேறு வேலை என்று அவர் பிரித்துவைத்தது எனக்குச் சரியாகப் படுகிறது. டிரெய்லர்ப் பெட்டி செய்வது முதல் வேலை. அதை மிக நன்றாகச் செய்கிறது. இரண்டாவதற்கு நிலமும் பொறுமையும் வேண்டும்.

எவ்வளவு பொறுமை? உலக சுகாதார அமைப்பு 2006இல் வெளியிட்ட வழிகாட்டு நெறி, சூடு ஏற்றாமல் சும்மா சேமித்துவைக்கும் மலத்துக்குச் சொல்லும் காலம்: குளிர்ந்த தட்பவெப்பத்தில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு, 20 டிகிரிக்கு மேற்பட்ட வெப்ப நாட்டில் ஓராண்டுக்கு மேல். சாம்பலோ சுண்ணாம்போ கலந்து காரத்தன்மையை (pH) 9க்கு மேல் வைத்திருந்தால் ஆறு மாதம். இந்தக் காலக்கெடுவை நிர்ணயிப்பது பாக்டீரியா அல்ல, அவை சீக்கிரம் செத்துவிடும். உருளைப்புழுவின் முட்டைதான் பிடிவாதமானது. தடித்த ஓட்டுக்குள் பத்திரமாகக் காத்திருக்கும். ஆரோக்கியமான தம்பதி, தங்கள் கழிவைத் தாங்களே கையாளும்போது இந்த ஆபத்து குறைவு என்பது உண்மை. ஆனால் பாலைவனத்தில் ஒரு புதருக்குப் பின்னால் கொட்டிவிட்டுப் போனால், அடுத்து அங்கே வரும் குழந்தைக்கும் நாய்க்கும் அந்த உறுதிமொழி பொருந்தாது.

கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ‘மண்தானே, மண்ணோடு போகட்டும்’ என்கிறார்கள். வளமான தோட்ட மண்ணில் அது ஓரளவு நடக்கும். யூட்டாவின் செம்மண் மேட்டில், பாசியும் பூஞ்சையும் நீலப்பச்சை நுண்ணுயிர்களும் சேர்ந்து உண்டாக்கிய மெல்லிய கருந்தோல்தான் மண்ணைக் காற்றில் பறக்காமல் பிடித்துவைத்திருக்கிறது. ஒரு மிதி பட்டால் மீண்டு வரப் பல்லாண்டு ஆகும். மழையில்லாத, நுண்ணுயிர் குறைந்த அந்த மண்ணில் போட்டது போட்டபடி கிடக்கும். காடுகளில் ஆறு முதல் எட்டு அங்குலம் தோண்டி, நீர்நிலையிலிருந்து 200 அடி தள்ளிப் புதைக்கலாம் என்ற நடைமுறையே பாலைநிலத்துப் பல இடங்களில் செல்லாது. யூட்டாவின் மோவாப் ஊரைச் சுற்றிய பொதுநிலங்கள் பலவற்றில், கழிவைக் கையோடு திரும்பக் கொண்டுபோக வேண்டும் என்பது விதி.

மலத்தைப் பற்றி இவ்வளவு யோசிக்கும் மக்கள் சிறுநீரைப் பற்றி யோசிப்பதில்லை. அன்றாடத் தொல்லை அதில்தான் இருக்கிறது. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர். இருவருக்கு எட்டு லிட்டர் பாட்டில் மூன்று, நான்கு நாளைத் தாண்டாது. பெட்டி மாதக்கணக்கில் தாங்கும் என்று விளம்பரத்தில் படித்தவர்கள், பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் நாளே நிற்பார்கள். அதுவும் எப்போது நிரம்பும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இருட்டில் கவனிக்காமல் விட்டால் வழியும். கூடுதல் பாட்டில் ஒன்று வாங்குவது கட்டாயம்.

பாட்டிலுக்குள் நடக்கும் வேதியியலும் சுவாரசியமானது. புதுச் சிறுநீருக்கு வாடை அதிகமில்லை. ஓரிரு நாளில் பாக்டீரியாவின் யூரியேஸ் என்ற நொதி யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும், காரத்தன்மை 9 வரை ஏறும். அந்தக் காரத்தில் கரைந்திருந்த மக்னீசியமும் பாஸ்பேட்டும் அம்மோனியமும் சேர்ந்து கல்லாகப் படியும். பாட்டிலின் அடியிலும் கிண்ணத்தின் துளைகளிலும் படியும் அந்தப் பழுப்புச் சுண்ணத்தை வினிகரோ சிட்ரிக் அமிலமோ கரைக்கும். ஒவ்வொரு முறை காலிசெய்ததும் பாட்டிலில் கொஞ்சம் வினிகர் விட்டுவைக்கிறவர்களுக்குத் தொல்லை பாதியாகக் குறையும். சர்க்கரை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் வினிகரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எங்கே ஊற்றுவது? பயிருக்கு இது நல்ல உரம். நம் உடம்பிலிருந்து போகும் நைட்ரஜனில் பெரும்பங்கு சிறுநீரில்தான் போகிறது, ஒருவருக்கு நாளொன்றுக்குப் பத்து கிராமையொட்டி. பத்து பங்கு தண்ணீர் கலந்து தோட்டத்துக்கு விடலாம். ஆனால் முகாமிட்ட இடத்தில் தோட்டம் இல்லை. அதில் உள்ள உப்பு, ஒரே இடத்தில் தொடர்ந்து கொட்டினால், பாலைவனச் செடியைக் கருக்கிவிடும். டிரெய்லரிலிருந்து கழிவுநீரை அதற்கென்று ஒதுக்கிய இடம் தவிர வேறெங்கும் விடக்கூடாது என்பது பொதுநில விதி. பாட்டிலில் சேர்ந்தது அதற்குள் வராது என்று வாதாட நான் தயாரில்லை. போகிற வழியில் உள்ள கழிவறையில் ஊற்றுவதே சுத்தமான வழி. மலப்பெட்டியைப் போலன்றி இதற்கு எந்தக் கழிவறையும் போதும்; முகாம்களில் உள்ள குழிக் கழிவறையும் ஏற்கும். துகளும் பிளாஸ்டிக் பையும் போட்டால்தான் குழியை உறிஞ்சும் பம்பு அடைத்துக்கொள்ளும்.

சின்ன விஷயங்கள் சில. டிரெய்லர் மட்டமாக நிற்க வேண்டும். சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து மட்டம் பார்க்காமல் விட்டால், சிறுநீர் பின்பக்கம் சரிந்து மலப்பெட்டிக்குள் போய்விடும். பிறகு நாற்றத்துக்கு வேறு காரணம் தேட வேண்டாம். ஆண்களும் உட்கார்ந்துதான் போக வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தால் பெட்டி தாங்காது; அன்றைக்குப் பையை விரித்துக்கொள்வதே நல்லது. தேங்காய்த் துகளோடு சின்னஞ்சிறு கொசுப்பூச்சிகள் வருவதுண்டு. துகளை ஊறவைக்கும்போது கொதிநீர் ஊற்றினால் முட்டைகள் சாகும், வெளிக்குழாயின் வாயில் வலை கட்டினால் புதியவை வராது. உறையும் குளிரில் பாட்டில் கல்லாகும். ஆனால் தண்ணீர்த் தொட்டியின் வால்வு உறைந்து வெடிக்கும் சேதத்தை நினைத்தால், குளிர்காலத்தில் உலர் கழிப்பறைக்குத்தான் என் ஓட்டு.

அந்தத் தேங்காய்த் துகள் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் நமக்குப் பழக்கமான ஊர்ப்பெயர்கள் வரும். கனடாவின் சதுப்பு நிலங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த பாசிக்கரியை வெட்டியெடுத்துக் கழிப்பறையில் கொட்டுவதைவிட, தேங்காய் மட்டையில் நார் எடுத்தபின் மிஞ்சும் துகள் மேல் என்று பலரும் மாறினார்கள். 650 கிராம் செங்கல்லாக அழுத்திக் கட்டிய துகள், தண்ணீர் ஊற்றினால் எட்டு, ஒன்பது லிட்டராகப் பொங்கும். ஒரு தடவை பெட்டிக்கு அது போதும். பொள்ளாச்சிப் பக்கத்து ஆலைகளிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறி வரும் செங்கல் அது. செடி வளர்க்க விற்கும் துகளில் உப்பு போகக் கழுவுகிறார்கள். அந்தக் கழுவுநீர் நிலத்தடி நீரைக் கெடுப்பதாகப் பொள்ளாச்சி விவசாயிகள் புகார் சொல்லிவருகிறார்கள். அரிசோனாவில் மிச்சப்படும் தண்ணீருக்கு எங்கோ ஒரு கிணறு விலை கொடுக்கிறது என்றால் அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கழிப்பறைக்கு உப்பு ஒரு பொருட்டே இல்லை. கழுவாத துகளோ, உள்ளூர் மரத்தூளோ, குதிரை லாயத்துக்கு விற்கும் மரத்துகள் உருண்டையோ இதே வேலையைச் செய்யும். நான் மரத்தூளுக்கு மாறச் சொல்வேன்.

தமிழர்களுக்கு இதில் இன்னொரு கேள்வி உண்டு: தண்ணீர் விட்டுக் கழுவுகிறவர்கள் என்ன செய்வது? இந்தப் பெட்டிகள் காகிதத்தால் துடைப்பவர்களை மனதில் வைத்துச் செய்தவை. கழுவிய நீர் மலப்பெட்டியில் விழுந்தால் பெட்டி சேறாகிவிடும், பாட்டிலில் விழுந்தால் ஒரே நாளில் நிரம்பிவிடும். இதற்கான தீர்வு திருச்சி மாவட்டம் முசிறியில் உண்டு. காவிரிக்கரையில் நிலத்தடி நீர் மேலாகவே நிற்பதால் குழிக் கழிப்பறை சரிப்படாத ஊர் அது. அங்கே ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம், மாராச்சி சுப்புராமன் தலைமையில் ஈக்கோசான் என்ற உலர் கழிப்பறைகளைக் கட்டியது. இந்தப் பணிக்காக அவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. முசிறியின் தளத்தில் மலத்துக்கு ஒரு வழி, சிறுநீருக்கு ஒரு வழி, நகர்ந்து உட்கார்ந்து கழுவுவதற்கு ஒரு வழி என்று மூன்று உண்டு. கழுவுநீர் செடிப் பாத்திக்குப் போகும், மலத்தின்மேல் சாம்பல் தூவுவார்கள், ஓர் அறை நிரம்பியதும் மூடி ஆறவைப்பார்கள், சிறுநீரை வாழைக்கு விடுவார்கள். அமெரிக்கப் பெட்டியைவிட இது முழுமையான அமைப்பு என்பதே என் எண்ணம். அதில் ஆறவைக்கும் காலம் கட்டடத்திலேயே சேர்ந்திருக்கிறது. டிரெய்லரில் இருக்கும் தமிழ்க் குடும்பம் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த மூன்றாவது வழி. பெரும்பாலான சின்ன டிரெய்லர்களில் கழிப்பறையும் குளியலறையும் ஒரே ஈரத்தளம்தான். முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டு, எழுந்து தள்ளி நின்று ஒரு சின்னக் குவளைத் தண்ணீரில் கழுவினால், அந்த நீர் குளியல் நீர்த் தொட்டிக்குப் போகும். அப்படிச் செய்தால் அந்தத் தொட்டியை மலநீராகவே கருதி டம்ப் ஸ்டேஷனில்தான் திறக்க வேண்டும்.

முசிறியைச் சொல்லும்போது சொல்லாமல் விட முடியாத ஒன்று இருக்கிறது. உலர் கழிப்பறை என்ற சொல் நம் நாட்டில் ஓர் இழிவின் பெயர். தண்ணீரில்லாத எடுப்புக் கக்கூஸை, குறிப்பிட்ட சாதியில் பிறந்த காரணத்துக்காக மட்டும், தலைமுறை தலைமுறையாகச் சிலர் கையால் அள்ள வைக்கப்பட்டார்கள். 1993இலும் 2013இலும் அதைத் தடைசெய்து சட்டங்கள் வந்தன. ஆகவே இந்தத் தொழில்நுட்பத்தை நம் ஊருக்குப் பரிந்துரைக்கும் எவரும், அமெரிக்க டிரெய்லரிலிருந்து ஓர் அம்சத்தை விட்டுவிடக் கூடாது: அங்கே பெட்டியைக் காலிசெய்வது அதில் உட்கார்ந்தவரேதான். கூலிக்கு ஆள் கிடையாது. தன் கழிவின் எடையைத் தன் கையால் தூக்குகிறவர் தண்ணீரையும் காகிதத்தையும் அளந்து செலவழிப்பதை நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன். காலிசெய்ய இன்னொருவரைத் தேடும் இடத்தில் இந்தப் பெட்டியை வைக்கவே கூடாது.

மாற்று வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐரோப்பியர் விரும்பும் கேசட் கழிப்பறையில் ஏறத்தாழ 20 லிட்டர் கொள்ளும் பெட்டியைச் சூட்கேஸ் மாதிரி உருட்டிக்கொண்டுபோய்ச் சாதாரணக் கழிவறையிலேயே ஊற்றிவிடலாம். நகரங்களுக்கு அருகே சுற்றுகிறவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. அதில் ஊற்றும் ரசாயனங்களில் ஃபார்மால்டிஹைடு உள்ளதை மட்டும் தவிர்க்க வேண்டும். செப்டிக் டேங்கில் வேலை செய்யும் பாக்டீரியாவை அது கொன்றுவிடும். எரிவாயுவில் சாம்பலாக்கும் நார்வே நாட்டுக் கழிப்பறைகள் நன்றாக வேலை செய்கின்றன, விலையும் சிலிண்டர் செலவும் சின்ன டிரெய்லருக்குக் கட்டுப்படியாகாது. கடைசியாக, ஒரு வாளி, அதன்மேல் சிறுநீரைப் பிரிக்கும் பிளாஸ்டிக் கிண்ணம், ஒரு பை, மரத்தூள். ஆயிரம் டாலர் பெட்டி செய்வதில் புரட்டுவதையும் விசிறியையும் தவிர மற்ற எல்லாவற்றையும் இது செய்யும். முதன்முறை முயல்கிறவர்கள் இதில் தொடங்கிவிட்டு, பழக்கம் ஒத்துவந்தால் பெரிய பெட்டிக்குப் போகலாம்.

விதிகளோ இன்னும் தண்ணீர்க் கழிப்பறையின் காலத்திலேயே நிற்கின்றன. அரிசோனாவின் குவார்ட்ஸைட் ஊரை ஒட்டி லா போசா என்ற நீண்டகாலத் தங்குமிடம் உள்ளது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டு குளிர்காலம் முழுவதையும் அங்கே கழிக்கலாம். அதன் பெரும்பகுதியில் தங்க வண்டி தன்னிறைவு உள்ளதாக இருக்க வேண்டும்; தன்னிறைவு என்றால் நிரந்தரமாகப் பொருத்திய, குறைந்தது பத்து கேலன் கொள்ளும் கழிவுநீர்த் தொட்டி. எடுத்துச்செல்லக்கூடிய கழிப்பறை கணக்கில் வராது. கழிவுநீரே உண்டாக்காத உலர் கழிப்பறைக்காரர் இந்த வரையறைக்குப் பொருந்த, தன் குளியல் நீர்த் தொட்டியைக் காட்ட வேண்டியிருக்கிறது. அதனால் மலத்தொட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பெட்டியை வைக்க நினைப்பவர்கள், குளியல் நீர்த் தொட்டியையாவது விட்டுவைப்பது நல்லது. நியூசிலாந்து 2023 சட்டத்தில் ஒரு படி மேலே போய், தன்னிறைவுச் சான்றுக்குக் கழிப்பறை வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்றது.

என் முடிவு இது. ஒருவரோ இருவரோ, வாரக்கணக்கில் ஒரே இடத்தில் தங்க விரும்பினால், தண்ணீருக்காகவே இந்தப் பெட்டியை வாங்கலாம். உரத்துக்காக வாங்கக் கூடாது. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு வேண்டாம், பாட்டிலோடு ஓடியே பொழுது போய்விடும். வாரக் கடைசிக்கு மட்டும் போகிறவர்களுக்கும் வேண்டாம், வாளி போதும். வீட்டில் கொல்லைப்புறம் இருந்தால், அந்த ஊர் விதி இடம் கொடுத்தால், மூடியுள்ள டிரம் இரண்டு வாங்கிப்போட்டு, பயணத்திலிருந்து கொண்டுவந்ததை ஒன்றில் கொட்டித் தேதி எழுதி மூடி, உலக சுகாதார அமைப்பின் நெறி சொல்லும் காலம் முடியும்வரை தொடாமல் வைத்து, பிறகும் காய்கறிக்குப் போடாமல் மரத்தடிக்குப் போடலாம். கொல்லைப்புறம் இல்லாதவர்கள் இரட்டைப் பையில் கட்டிக் குப்பையில் போடுகிறார்கள். குழந்தைகளின் டயப்பர் தினந்தோறும் போகும் இடம்தான் அது, பல ஊர்களில் தடையும் இல்லை. எனக்கு அதில் முழு மனநிறைவு கிடையாது. ஆயினும் புதருக்குப் பின்னால் போவதைவிட எத்தனையோ மேல்.

இங்கே அரசு செய்யக்கூடியது ஒன்று உண்டு. லா போசாவில் டம்ப் ஸ்டேஷன் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, குப்பைத் தொட்டிகள் இருக்கின்றன. உலர் கழிவுக்கு மட்டும் இடமில்லை. குளிர்காலம் முழுக்க டிரெய்லர்கள் குவியும் அந்த வெளியில், மூடிய தொட்டி வரிசை ஒன்றை வைத்து, கூரை போட்டு, நிரம்பியதைத் தேதியிட்டு மூடிவிடலாம். ஏப்ரலில் எல்லோரும் கிளம்பிய பிறகு அரிசோனாவின் கோடை வெயில் அந்தத் தொட்டிகளின்மேல் மாதக்கணக்கில் விழும். அனுமதிச்சீட்டுக் கட்டணத்தோடு சில டாலர் சேர்த்து வாங்கினாலும் பெட்டி வைத்திருப்பவர்கள் கொடுப்பார்கள், நான் கொடுப்பேன்.